ஃபேன்டசி பிரீமியர் லீக்: ஆகஸ்டில் டீம் போட்டு மே வரை காப்பாற்றுவது எப்படி

ஏப்ரல் முதல் சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, நாலு மணிக்கு என் ஃபேன்டசி கால்பந்து டீமில் ஓர் ஆளை மாற்றலாம் என்று போனை எடுத்தேன். குளிர்காலம் முழுக்க, டீமை மாற்றுவதற்கான சனிக்கிழமைக் கெடு நமக்கு மாலை நாலரை மணி. அன்றைக்கு மூன்றரைக்கே முடிந்துவிட்டது. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். என் கேப்டனுக்கு (இவருக்குத்தான் புள்ளி இரட்டிப்பு) தொடையில் காயம். துணைக் கேப்டனாக நான் வைத்திருந்தவர் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் ஆடினார். அலுவலக லீக்கில் மூன்றாம் இடத்தில் இருந்தவன் அந்த வாரமே ஏழுக்குப் போனேன். கால்பந்து தெரியாமல் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். மணி பார்க்காமல் தோற்றேன்.

இப்படிப் பல சறுக்கல்களுக்குப் பிறகு எழுதுவது இது. ஆட்டத்தை ஆங்கிலச் சுருக்கத்தில் எஃப்.பி.எல். என்பார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 20 கிளப்களிலிருந்து 15 பேரை எடுத்து, 38 வாரம் ஓட்ட வேண்டும். உண்மையான மைதானத்தில் அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு நமக்குப் புள்ளி. கீழே உள்ள எண்கள் 2025-26 சீசனின் விதிகளைப் பார்த்து எழுதியவை. ஒவ்வொரு ஜூலையிலும் ஆட்டம் திறக்கும்போது விதியில் ஏதாவது ஒன்றை மாற்றுவார்கள். டீம் போடும் முன் விதிகள் பக்கத்தை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். பழைய ஆட்கள்தான் படிக்காமல் மாட்டிக்கொள்வார்கள்.

1. கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல், பெயர், பிறந்த தேதி மாதிரியான விவரங்கள் போதும். ஆதார், பான், வங்கிக் கணக்கு எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நீங்கள் வேறு கடைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வத் தளத்திலோ செயலியிலோ மட்டும் கணக்குத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு டீம்தான்.

மின்னஞ்சலில் ஒரு கவனம்: அலுவலக முகவரியைக் கொடுக்காதீர்கள். நவம்பரில் வேலை மாறினால், கடவுச்சொல் மறந்த அன்றைக்கு டீம் அனாதையாகிவிடும். என்னோடு ஆடிய ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அவருடைய டீம் அக்டோபரில் இருந்த பதினைந்து பேரோடு மே வரை தானாக ஓடியது. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் எங்களில் நான்கு பேரை முந்தியிருந்தது.

செலவு சுழியம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமை ஆட்டம் என்று சொல்லிக்கொண்டாலும், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இந்த ஆட்டம் இலவசம் என்பதால் நமக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அலுவலக வாட்ஸப் குழுவில் "ஆளுக்கு ஐநூறு போடுவோம், ஜெயிக்கிறவன் எடுத்துக்கலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். தோற்றவர் பிரியாணி வாங்கித் தரட்டும், அது போதும். அதேபோல, காசு வாங்கிக்கொண்டு "இந்த வார டீம்" அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சீசன் கொடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னதெல்லாம் இலவசமாகவே எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததுதான்.

உண்மையான செலவு நேரம். வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால் ஆரம்பிக்க வேண்டாம்.

2. டீமுக்கு முன்னால் கெடு நேரத்தை எழுதுங்கள்

ஒவ்வொரு கேம்வீக்கிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது கதவு மூடப்படும். உங்கள் டீமில் அந்த முதல் ஆட்டத்தில் ஆடுகிறவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் கதவு கதவுதான். திங்கட்கிழமை இரவு ஆடப்போகிறவரையும் வெள்ளிக்கிழமையே முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர் நேரத்தில் அது எப்படி விழும் என்று பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக்காரர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம்.

சனிக்கிழமை அவர்கள் ஊரில் மதியம் 12.30க்கு முதல் ஆட்டம் என்றால், கோடையில் நமக்குக் கெடு மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. வெள்ளிக்கிழமை இரவு 8 மணி ஆட்டம் என்றால், கோடையில் நமக்கு இரவு 11. குளிர்காலத்தில் சரியாக நள்ளிரவு 12. இந்த நள்ளிரவுக் கெடுதான் ஆளைக் கொல்லும். "சனிக்கிழமை 12 மணி" என்று குறித்து வைத்துவிட்டு, சனி மதியம் சாவகாசமாக உட்கார்ந்தவர்கள் உண்டு. வார நடுவில் ஆட்டம் வைத்தால் செவ்வாய்க்கிழமை இரவு கெடு வரும். வாரம் முழுக்க சனிக்கிழமையையே நினைத்திருக்கிறவர் அதைக் கோட்டை விடுவார்.

2025-26 சீசனின் முதல் கெடு சுதந்திர தினத்தன்று இரவு 11 மணிக்கு விழுந்தது. வெள்ளிக்கிழமை, நீண்ட வார விடுமுறை, கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பஸ் ஏறுகிற கூட்டம். விழுப்புரம் தாண்டி சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்க, செயலியில் சேமிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு அந்தச் சின்ன வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் "டிக்கெட் கிடைக்கலையா தம்பி?" என்று விசாரித்தார். என்னவென்று சொல்வது? "ஆமாங்கய்யா, வெயிட்டிங் லிஸ்ட்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே செய்ய வேண்டியது: தளத்தில் கெடு நம் போனின் நேரத்திலேயே தெரியும். மனக்கணக்கு வேண்டாம். சீசன் தொடக்கத்திலேயே உட்கார்ந்து தெரிந்த கெடுக்களை எல்லாம் போன் நாட்காட்டியில் ஏற்றுங்கள். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஆட்டங்களை நகர்த்துவார்கள் என்பதால் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் ஓர் அலாரம், ஒரு மணி நேரம் முன்னால் இன்னொன்று. முதல் அலாரத்துக்கே ஒரு சுமாரான டீமைச் சேமித்துவிடுங்கள். இரண்டாவது அலாரம் மெருகேற்ற.

ஆடும் பதினொருவரின் பட்டியல் ஆட்டத்துக்கு 75 நிமிடம் முன்னால்தான் வெளியாகும். நம் கதவு 90 நிமிடத்தில் மூடிவிடுகிறது. யார் ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

3. புள்ளி எங்கிருந்து வருகிறது

ஒரு நிமிடம் ஆடினாலும் 1 புள்ளி. 60 நிமிடம் தாண்டினால் 2. கோல் அடித்தால் ஃபார்வர்டுக்கு (முன்வரிசை) 4, மிட்ஃபீல்டருக்கு (நடுவரிசை) 5, டிஃபென்டருக்கு (தற்காப்பு வரிசை) 6, கோல்கீப்பருக்கு 10. அசிஸ்ட், அதாவது கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பது, யார் செய்தாலும் 3. அவருடைய கிளப் கோல் வாங்காமல் இருந்தால் டிஃபென்டருக்கும் கோல்கீப்பருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1. ஆட்டத்தில் சிறந்த மூவருக்கு போனஸ் 3, 2, 1. மஞ்சள் அட்டை மைனஸ் 1, சிவப்பு மைனஸ் 3, பெனால்டியைத் தவறவிட்டால் மைனஸ் 2.

2025-26இல் ஒரு புது வரவு: தற்காப்புப் புள்ளி. டிஃபென்டர் ஓர் ஆட்டத்தில் பந்தை விரட்டியது, தடுத்தது, குறுக்கே புகுந்து எடுத்தது, டேக்கிள் செய்தது எல்லாம் சேர்த்து 10 தொட்டால் 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும், தவறிப்போன பந்தை மீட்டதையும் சேர்த்து, 12 தொட வேண்டும். இதனால் என்ன ஆகிறது என்றால், பலவீனமான கிளப்பில் நாள் முழுக்க முட்டுக்கொடுத்து நிற்கும் சென்டர்பேக்குக்கு (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) மதிப்பு வந்துவிட்டது. 1-0 என்று தோற்ற டீமில் இருந்தும் அவர் 4 புள்ளியோடு வருவார். ஒருவேளை கோல் வாங்காமல் தப்பித்தால் 2, 4, 2 என்று மொத்தம் 8.

புதியவர்கள் தவறவிடும் இடம் இது: ஒருவர் நிஜத்தில் எங்கே ஆடுகிறார் என்பது வேறு, இந்த ஃபேன்டசி ஆட்டத்தில் அவரை எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்பது வேறு. முகமது சாலா முன்வரிசையில் ஓடுகிறவர். இங்கே அவர் மிட்ஃபீல்டர். அதனால் கோலுக்கு 5. 2024-25இல் அவர் 29 கோல், 18 அசிஸ்ட் என்று 344 புள்ளி குவித்ததில் இந்த வகைப்படுத்தலுக்கும் பங்கு உண்டு. ஆள் எடுக்கும்போது மூன்று கேள்வி போதும்: 60 நிமிடம் தாண்டி ஆடுவாரா, பெனால்டி அடிப்பாரா, ஃப்ரீகிக்கும் கார்னரும் அவர் காலில் இருக்கிறதா. அவர் அழகாக ஆடுகிறாரா என்பது நான்காவது கேள்விகூட இல்லை.

4. நூறைப் பதினைந்தாகப் பிரிப்பது

கையில் 100 மில்லியன், நிஜப் பணமில்லை. 2 கோல்கீப்பர், 5 டிஃபென்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்ட். ஒரு கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. வாரம் பதினொருவரை இறக்க வேண்டும், மிச்ச நால்வர் பெஞ்ச்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26 தொடக்கத்தில் சாலாவின் விலை 14.5, ஃபார்வர்ட் எர்லிங் ஹாலண்டின் விலை 14. இருவரையும் எடுத்தால் 28.5 போச்சு. மிச்சம் 71.5இல் பதின்மூன்று பேர், ஆளுக்கு 5.5. இதில் பெஞ்சில் உட்கார மட்டும் நால்வரை அடிமட்ட விலையில் (கோல்கீப்பர் 4, டிஃபென்டர்கள் இருவர் 4, ஒரு ஃபார்வர்ட் 4.5) வைத்தால் 16.5 செலவு. ஆடும் ஒன்பது பேருக்கு 55, ஆளுக்கு 6.1. இரண்டு பெரிய ஆட்களையும் வைத்துக்கொண்டு ஓட்டலாம், ஆனால் பெஞ்சில் இருப்பவர்கள் பொம்மைகளாகிவிடுவார்கள். கல்யாண வீட்டில் பாதிப் பணத்தை மேடை அலங்காரத்துக்குக் கொடுத்துவிட்டு, பந்தியில் அப்பளத்தை எண்ணி வைப்பது மாதிரி.

என் முறை: முதல் ஆறு வாரம் ஒரே ஒரு விலை உயர்ந்த ஆள். மிச்சப் பணத்தை 5.5 முதல் 8 வரை விலையுள்ள மிட்ஃபீல்டர்களிடம் பரப்புவது. பெஞ்சின் முதல் ஆள் கண்டிப்பாக ஆடுகிறவராக இருக்க வேண்டும். இரண்டாம் ஆளும் ஆடினால் நல்லது. மூன்றாவது எப்படியோ போகட்டும். கோல்கீப்பருக்கு 5க்கு மேல் கொடுக்காதீர்கள். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், போடட்டும்.

முதல் கெடு வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் இலவசமாக மாற்றலாம். ஜூலையில் டீம் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆகஸ்ட் பாதிக்குள் பாதிப்பேர் காயம்பட்டோ விற்கப்பட்டோ போயிருப்பார்கள்.

5. கேப்டன், துணைக் கேப்டன், பெஞ்ச் வரிசை

கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு. அவர் ஒரு நிமிடம்கூட இறங்காவிட்டால்தான் துணைக் கேப்டனுக்கு அந்த இரட்டிப்பு போகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: கேப்டன் 89ஆம் நிமிடத்தில் இறங்கினாலும் ஆடியதாகவே கணக்கு. 1 புள்ளி இரண்டு மடங்கு ஆகி 2. துணைக் கேப்டன் மூன்று கோல் அடித்தாலும் ஒற்றைக் கணக்குத்தான். அதனால், சந்தேகமுள்ளவரைக் கேப்டனாக்காதீர்கள். "வந்தா ராஜா" என்ற கதையெல்லாம் வேண்டாம்.

துணைக் கேப்டனை வேறு கிளப்பிலிருந்து, முடிந்தால் வேறு நாளில் ஆடுகிறவராக வையுங்கள். ஓர் ஆட்டம் மழையாலோ பனியாலோ தள்ளிப்போனால் இருவரும் ஒன்றாகப் போய்விடக் கூடாது.

பெஞ்ச் வரிசையைத் தொடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஆடாதவருக்குப் பதிலாக, பெஞ்சில் முதலில் நிற்பவர் தானாக உள்ளே வருவார். ஆனால் மைதானத்தில் குறைந்தது மூன்று டிஃபென்டர் இருக்க வேண்டும். நீங்கள் மூவரை மட்டும் இறக்கி, அதில் ஒருவர் ஆடவில்லை என்றால், பெஞ்சில் முதலாக 12 புள்ளியோடு மிட்ஃபீல்டர் உட்கார்ந்திருந்தாலும் அவரைத் தாண்டி டிஃபென்டரைத்தான் எடுக்கும். ஒரு ஜனவரியில் இது தெரியாமல் கணினி தவறு செய்துவிட்டது என்று புகார் எழுதப் போனேன். அனுப்பும் முன் விதியைப் படித்தது நல்லதாகப் போயிற்று.

6. மாற்றம் செய்வது: மைனஸ் நாலுதான் இந்த ஆட்டத்தின் வட்டிக்கடை

வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம். செய்யாமல் விட்டால் சேரும், ஐந்து வரை. ஐந்து கையில் இருக்கும்போது அந்த வாரமும் செய்யாவிட்டால் புதிதாக வரவேண்டிய ஒன்று வீண். இலவசத்தைத் தாண்டி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளி கழியும். இதை "ஹிட் எடுப்பது" என்போம்.

முதல் சீசனில் நான் 23 தடவை ஹிட் எடுத்தேன். 92 புள்ளி. எங்கள் லீக்கில் முதலிடத்துக்கும் எனக்கும் இருந்த தூரத்தில் பாதிக்கு மேல் அதுதான். ஒவ்வொரு தடவையும் நியாயமான காரணம் இருந்தது. வட்டிக்குக் கடன் வாங்குகிறவனுக்கும் ஒவ்வொரு தடவையும் நியாயமான காரணம் இருக்கும்.

கணக்கு இப்படி: வெளியே போகிறவர் ஆடவே போவதில்லை, அவருக்குச் சுழியம் என்று வையுங்கள். உள்ளே வருகிறவர் சும்மா 90 நிமிடம் ஓடி 2 எடுத்தால்கூட உங்களுக்கு நட்டம் 2. கோலோ அசிஸ்டோ மாதிரி கூடுதலாக ஏதாவது வந்தால்தான் முதல் திரும்பும். ஆகவே ஹிட் எடுக்க எனக்கு இரண்டே காரணம்: பதினொருவர் தேறவில்லை, அல்லது வருகிறவர் குறைந்தது நான்கு வாரம் தங்கப் போகிறார். பெஞ்சில் ஆடுகிற ஆள் இருந்தால் முதல் காரணமே எழாது. நான்காம் படியில் பெஞ்சுக்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்தது இதற்குத்தான்.

எப்போது மாற்றுவது? சனிக்கிழமை இரவு யாரோ மூன்று கோல் அடிப்பார்கள். கை அரிக்கும். உடனே எடுக்காதீர்கள். இதே ஆட்களுக்கு ஐரோப்பியப் போட்டிகளும் இருக்கின்றன: செவ்வாய், புதனில் சாம்பியன்ஸ் லீக் உண்டு, வியாழனில் யூரோப்பா லீக் உண்டு. ஒருவரை அப்படிச் சனிக்கிழமை இரவே வாங்கினேன். புதன்கிழமை 20ஆம் நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரை வெளியே தள்ள மைனஸ் நாலு. ஒரு நாள்கூட எனக்காக அவர் ஆடவில்லை.

பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தைய நாள், அல்லது அதற்கும் முந்தைய நாள், செய்தியாளர்களைச் சந்திப்பார்கள். நமக்கு அது வெள்ளிக்கிழமை மாலை. யாருக்குக் காயம், யார் திரும்புகிறார் என்று அங்கேதான் தெரியும். அதைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். தளத்தில் ஆள் பெயர் பக்கத்தில் மஞ்சள் கொடி இருந்தால் 75 சதவீதம் ஆடுவார் என்று பொருள். நிறம் அடர்த்தியாக ஆக வாய்ப்பு குறையும். சிவப்பு என்றால் கிடையாது. எல்லாப் பயிற்சியாளர்களும் உண்மையைச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். "பயிற்சி செய்தார், பார்ப்போம்" என்றால் என் அகராதியில் பெஞ்ச்.

7. விலை

நிறையப் பேர் வாங்கினால் ஒருவரின் விலை 0.1 ஏறும், விற்றால் இறங்கும். நம் ஊரில் விடியற்காலை தாண்டி, காலைக் காபி நேரத்துக்கு அது தெரியும். ஏறிய லாபத்தில் பாதிதான் உங்களுக்கு, அதுவும் கீழ்நோக்கி முழுமைப்படுத்தி. 7.5க்கு வாங்கியவர் 7.8 ஆனால், விற்கும்போது 7.6 கிடைக்கும். இறங்கினால் முழு நட்டமும் உங்கள் தலையில்.

இந்த 0.1க்காக ஞாயிற்றுக்கிழமையே மாற்றம் செய்யும் பழக்கத்தில் விழாதீர்கள். அக்டோபர் வரை கொஞ்சம் கவனிக்கலாம். அதற்குப் பிறகு அந்தச் சில்லறை எனக்கு ஒரு கோல்கூட வாங்கித் தந்ததில்லை.

8. சிப்கள்

சீசனில் எண்ணி எடுத்துப் பயன்படுத்தும் சிறப்புச் சலுகைகள் இவை, நான்கு வகை. வைல்டு கார்டு: அந்த வாரம் எத்தனை மாற்றமும் இலவசம், புது டீம் அப்படியே தங்கும். ஃப்ரீ ஹிட்: ஒரு வாரத்துக்கு மட்டும் புது டீம், அடுத்த வாரம் பழைய டீம் திரும்பிவிடும். பெஞ்ச் பூஸ்ட்: பெஞ்சில் இருப்பவர்களின் புள்ளியும் சேரும். ட்ரிபிள் கேப்டன்: இரட்டிப்புக்குப் பதில் மும்மடங்கு. ஒரு வாரத்துக்கு ஒரு சிப்தான்.

2025-26இல் இந்த நான்கும் இரண்டு தடவை கிடைத்தன, அரை சீசனுக்கு ஒரு செட். முதல் செட்டை 19ஆம் கேம்வீக் கெடுவுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. அந்தக் கெடு அவர்கள் ஊரில் டிசம்பர் 30 மாலை, நமக்கு நள்ளிரவை ஒட்டி. ரேஷன் கார்டில் மாசக் கடைசிச் சர்க்கரை மாதிரி, அடுத்த மாதத்துக்குச் சேர்த்துத் தர மாட்டார்கள்.

கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று: பெஞ்ச் பூஸ்டையும் ட்ரிபிள் கேப்டனையும் கெடுவுக்கு முன் ரத்து செய்துகொள்ளலாம். வைல்டு கார்டையும் ஃப்ரீ ஹிட்டையும் உறுதி செய்துவிட்டால் முடியாது. சும்மா பார்க்கலாம் என்று அமுக்கி, என் முதல் வைல்டு கார்டு இரண்டாம் வாரத்தில் போனது.

எப்போது பயன்படுத்துவது? முதல் வைல்டு கார்டை ஐந்தாம் வாரத்துக்கு முன் தொடாதீர்கள். யார் நிஜமாக ஆடுகிறார்கள் என்று அதற்குள்தான் தெளியும். 2025-26இல் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் நாட்டு அணிகளின் ஆட்டத்துக்காக லீக் இரண்டு வாரம் நின்றது. அப்படிப்பட்ட இடைவெளி யோசிக்க நல்ல நேரம். இரண்டாம் செட்டை வசந்தகாலத்துக்கு வையுங்கள். லீக் கப் இறுதிப் போட்டியும் எஃப்.ஏ. கப் அரையிறுதியும் (இரண்டும் இங்கிலாந்தின் தனிக் கோப்பைப் போட்டிகள்) வரும் வாரங்களில் சில கிளப்களுக்கு லீக் ஆட்டமே இருக்காது, அது பிளாங்க். தள்ளிப்போன ஆட்டங்களை வேறு வாரத்தில் திணிப்பார்கள், ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம், அது டபுள். பிளாங்கில் ஃப்ரீ ஹிட், டபுளில் பெஞ்ச் பூஸ்ட் அல்லது ட்ரிபிள் கேப்டன். டபுளுக்கு முந்தைய வாரம் வைல்டு கார்டு போட்டு பதினைந்து பேரையும் இரண்டு ஆட்டக்காரர்களாக நிரப்பினால் பெஞ்ச் பூஸ்ட் முழுதாக வேலை செய்யும்.

9. டிசம்பர்

மார்கழியில் நாம் கச்சேரிக்கு ஓடுகிற மாதிரி அவர்கள் மைதானத்துக்கு ஓடுவார்கள். வார இறுதி, வார நடு என்று ஆட்டம் குவியும். பெரிய கிளப்கள் ஆளை மாற்றி மாற்றி இறக்கும். நவம்பர் கடைசிக்குள் இலவச மாற்றம் குறைந்தது மூன்று சேர்த்து வைத்திருங்கள். இந்த மாதத்தில் நட்சத்திரத்தைவிட, சின்ன கிளப்பில் தினமும் 90 நிமிடம் ஓடும் ஆள் மேல்.

இரண்டு பட்டியலை எழுதி வையுங்கள். ஒன்று, மஞ்சள் அட்டைக் கணக்கு: லீக்கின் முதல் 19 ஆட்டத்துக்குள் ஐந்து வாங்கியவருக்கு ஓர் ஆட்டம் தடை. நான்கில் நிற்பவர்கள் யார் என்று டிசம்பரில் தெரிந்திருக்க வேண்டும். 32 ஆட்டத்துக்குள் பத்து என்றால் இரண்டு ஆட்டம். இரண்டாவது பட்டியல், ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தங்கள் நாட்டு அணியோடு போகிறவர்கள். 2025-26இல் அது டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை மொராக்கோவில் நடந்தது. சாலா உட்படப் பலர் கிளம்பிப் போனார்கள். அந்த ஒரு தடவை 16ஆம் வாரத்தில் எல்லோருக்கும் இலவச மாற்றத்தை ஐந்தாக நிரப்பிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட சலுகை அறிவிப்பைக் கவனிக்காமல், அதற்கு முந்தைய வாரம்வரை மாற்றங்களைச் சிக்கனமாகச் சேர்த்து வைத்தவர்களுக்கு ஒரு பலனும் இல்லாமல் போனது. சேர்த்ததைச் செலவழித்துவிட்டு நிரப்பிக்கொண்டவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

10. லீக்

நண்பர்களோடு ஆட ஒருவர் தனி லீக் தொடங்கி, குறியீட்டைப் பகிர்ந்தால் போதும். கிளாசிக் வகையை எடுங்கள். மொத்தப் புள்ளிதான் கணக்கு, நடுவில் சேர்கிறவருக்கும் இடம் உண்டு. ஹெட் டு ஹெட் வகையில் வாரம் ஒருவரோடு மோத வேண்டும். வேடிக்கை அதிகம், மனஸ்தாபமும் அதிகம். குறியீட்டைப் பொதுவெளியில் போடாதீர்கள்; முன்பின் தெரியாதவர் வந்து முதலிடத்தில் உட்கார்ந்துகொள்வார். சமப் புள்ளி என்றால் குறைவாக மாற்றம் செய்தவர் மேலே.

பிப்ரவரிக்குப் பிறகு உலகத் தரவரிசையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, லீக்கில் உங்களுக்கு மேலே இருக்கும் இருவரின் டீமை மட்டும் பாருங்கள். அவர்களிடம் இருக்கிற ஆள் உங்களிடமும் இருந்தால் அவர் கோல் அடித்தாலும் தூரம் குறையாது. நீங்கள் முந்தியிருந்தால் பின்னால் வருகிறவர்களைப் போலவே வைத்துக்கொள்ளுங்கள். பின்தங்கியிருந்தால் இரண்டு இடத்தில் மட்டும் வேறுபடுங்கள். ஐந்து இடத்தில் வேறுபட்டால் அது சூதாட்டம்.

11. கடைசி வாரம்

38ஆம் வாரம், மே கடைசி ஞாயிறு வாக்கில், பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். அவர்கள் ஊரில் மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 8.30, கெடு 7 மணி. சேர்த்து வைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் கையில் உள்ள இலவச மாற்றம், சிப் எல்லாவற்றையும் அன்றைக்குள் தீர்த்துவிடுங்கள். இடம் உறுதியாகிவிட்ட கிளப்களின் பயிற்சியாளர்கள் இளைஞர்களை இறக்குவார்கள். கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிக்கவோ ஐரோப்பியப் போட்டிக்கு நுழையவோ இன்னும் வழி தேடும் கிளப்பிலிருந்து கேப்டனை எடுங்கள்.

அது முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. ஜூலையில் தளத்தைத் துடைத்துப் புதிதாகத் திறப்பார்கள். உங்கள் பழைய கணக்கில் மொத்தப் புள்ளியும் தரவரிசையும் மட்டும் மிஞ்சும். எந்த வாரம் யாரை வைத்திருந்தீர்கள், எங்கே ஹிட் எடுத்தீர்கள், லீக் பட்டியலில் யார் யாருக்குக் கீழே என்பதெல்லாம் போய்விடும். ஜூன் மாதத்துக்குள் மாற்றங்கள் பக்கத்தையும் லீக் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிரியாணி யார் வாங்கித் தர வேண்டும் என்று ஆகஸ்டில் தகராறு வரும்.